தூரத்தை இழுத்த கமராவும் தண்ணீருக்குள் இறங்கிய கமராவும்



கொஞ்சக் காலமாக நமது உயர்தர வகுப்புப் பிள்ளைகள் பழைய டிஜிட்டல் கமராக்களைத் தேடித் திரிகிறார்கள். கைத்தொலைபேசிப் படம் அலுத்துவிட்டதாம். மாமாவோ சாச்சாவோ சவூதியிலிருந்து, கட்டாரிலிருந்து கொண்டுவந்து, பிறகு அலுமாரியின் அடித்தட்டுக்குப் போன சின்னக் கமராக்களுக்கு இப்போது மீண்டும் மவுசு. அதனோடு ஒரு கேள்வியும் வருகிறது: "சேர், தூரத்த இழுக்கிற கமரா நல்லமா, தண்ணிக்குள்ள போடுற கமரா நல்லமா?"

கடைக்காரரிடம் கேட்டால் ஒரு வரியில் பதில் கிடைக்கும். வரலாறு படிப்பிக்கிறவனிடம் கேட்டால் இப்படி நீண்ட பதிவுதான் கிடைக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேலையும் ஒப்படைக்கப் போகிறேன்.

பேச்சுக்கு இரண்டு கமராக்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 2006இல் வந்த பனாசோனிக் லூமிக்ஸ் டீஸெட்1. பத்து மடங்கு ஸூம். மற்றது, 2007இல் வந்த ஒலிம்பஸ் மியூ 770 எஸ்டபிள்யூ. பத்து மீற்றர் ஆழம் வரை தண்ணீருக்குள் போகும். இரண்டும் சட்டைப்பைக்கும் கைப்பைக்கும் உரியவை. இரண்டும் ஜப்பான் நிறுவனங்களின் தயாரிப்பு. ஏறத்தாழ ஒரே வயது. ஆனால் குடும்பம் வேறு வேறு.

ஸூம் கமராவின் குடும்பம்

கமரா என்றதும் நம்மவர்கள் இப்னுல் ஹைதமிடம் போய்விடுவார்கள். அது பெருமைக்குரிய கதைதான், ஆனால் இன்றைய கதை அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் வருடங்கள் பிந்தியது.

ஆரம்பத்தில் வில்லை ஒன்றுக்குக் குவியத்தூரமும் ஒன்றுதான். கிட்ட வேண்டுமென்றால் கால்தான் நடக்க வேண்டும். 35 மி.மீ. புகைப்படக் கமராவுக்கென்று முதன்முதலில் விற்பனைக்கு வந்த ஸூம் வில்லை 1959இல் ஃபொய்க்லண்டர் நிறுவனம் வெளியிட்ட 'ஸூமார்'. அதை வடிவமைத்தவர் ஃபிராங்க் பேக். 36 முதல் 82 மி.மீ. வரை மாறும். இன்றைய கணக்கில் இரண்டு மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் அதைத் தூக்கவே ஒரு கை வேண்டும்.

சாதாரண மக்களின் சின்னக் கமராவுக்குள் ஸூம் நுழைந்தது 1986இல். பென்டக்ஸ் நிறுவனத்தின் 'ஸூம் 70' என்ற ஃபிலிம் கமரா அது. 1997இல் சோனி வெளியிட்ட மாவிகா எஃப்டி7 பத்து மடங்கு ஸூம் கொண்டது. படங்கள் ஃபிளொப்பி தட்டில் பதியும். அந்தத் தட்டை நேரே கணினியில் போட்டுப் பார்க்கலாம் என்பதால் அலுவலகங்கள் அதை விரும்பின. 2000இல் ஒலிம்பஸ் சி-2100 வந்தது. அதிலும் பத்து மடங்கு ஸூம், கூடவே கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி.

ஆனால் இவையெல்லாம் தோளில் தொங்கியவை. பத்து மடங்கைச் சட்டைப்பைக்குள் கொண்டுவருவது எப்படி என்பதே அடுத்த கேள்வி.

நீர்புகாக் கமராவின் குடும்பம்

இந்தக் குடும்பத்தின் பெரியவர் 'கலிப்ஸோ'. பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவுக்காக, பெல்ஜியப் பொறியியலாளர் ஜான் டி வூட்டர்ஸ் வடிவமைத்தது. கூஸ்தோவின் கப்பலின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். அதற்கு முன் கடலடியில் படம் எடுப்பவர்கள் சாதாரணக் கமராவை நீர்புகாப் பெட்டி ஒன்றுக்குள் பூட்டிக்கொண்டு இறங்கினார்கள். கலிப்ஸோவுக்கு அந்தப் பெட்டி தேவையில்லை. கமராவின் உடம்பே பெட்டி. 1963இல் நிக்கோன் அதை வாங்கி 'நிக்கோனோஸ்' என்ற பெயரில் வெளியிட்டது. 2001 வரை அந்தப் பரம்பரை ஓடியது.

அதே காலத்தில் நமது நாட்டுக் கடலிலும் ஒரு சம்பவம் நடந்தது. 1961 மார்ச்சில், தென்கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள கிரேட் பாசஸ் பாறைத்தொடரில், ஆர்தர் சி. கிளார்க்கின் நண்பர் மைக் வில்சனும் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களும் படப்பிடிப்புக்காக முக்குளித்தார்கள். அங்கே மூழ்கிய கப்பல் ஒன்றின் வெள்ளி நாணயங்களைக் கண்டார்கள். சூரத்தில் அடிக்கப்பட்ட, ஹிஜ்ரி 1113 என்று ஆண்டு பொறித்த, ஔரங்கசீப் காலத்து ரூபாக்கள். அதாவது கி.பி. 1702 அளவில். அடுத்த வருடம் வில்சன் இயக்கிய 'ரன்முத்து தூவ' படத்தில் இலங்கையின் சினிமா ரசிகர்கள் கடலடியை வண்ணத்தில் பார்த்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாணயத்தைத் தேடி எவரும் அங்கே இறங்கவில்லை. படம் எடுக்க இறங்கினார்கள், வரலாறு அகப்பட்டது. இருநூற்று ஐம்பது வருடங்களுக்கு மேலாக அந்தப் பாறைகளைக் கப்பல்கள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே போயிருக்கின்றன.

நீர்புகாக் கமராவுக்கு இன்னொரு பிள்ளையும் உண்டு. 1988இல் கொனிகா நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட கமராவின் பெயர் 'கென்பா கன்தொக்கு'. 'களத்து மேற்பார்வையாளர்' என்று பொருள். கட்டட வேலைத்தளங்களுக்கென்றே செய்யப்பட்டது. தூசி, மழை, சீமெந்து, விழுந்தடிப்பது எல்லாவற்றையும் தாங்க வேண்டும். அத்திவாரத்துக்குள் எத்தனை கம்பி போட்டார்கள் என்பதைக் கொங்கிறீட் ஊற்றுவதற்கு முன் படமெடுத்து வைக்க வேண்டும் அல்லவா? ஊற்றிய பிறகு எவர் சத்தியம் செய்தாலும் பார்க்க முடியாது. ஆக, நீர்புகாக் கமராவை விடுமுறை விளையாட்டுப் பொருள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அதன் பிறப்பிலேயே சாட்சி சொல்லும் வேலை இருக்கிறது.

இரண்டுக்கும் ஒரே தந்திரம்

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. இந்த இரண்டு குடும்பங்களும் 2006இல் ஒரே இடத்தில் சந்தித்தன. அந்த இடம் ஓர் அரியம்.

2002இல் மினோல்டா நிறுவனம் 'டிமாஜ் எக்ஸ்' என்ற கமராவை வெளியிட்டது. தடிப்பு இரண்டு சென்ரிமீற்றர் அளவுதான். அதில் வில்லைக் குழாய் முன்னால் நீளவே நீளாது. முன் கண்ணாடியால் நுழையும் ஒளியை ஓர் அரியம் 90 பாகை திருப்பிக் கீழ்நோக்கி அனுப்பும். ஸூம் வில்லைகள் கமராவின் உடம்புக்குள்ளேயே மேலும் கீழும் நகரும். நீர்மூழ்கியின் பெரிஸ்கோப் போல. தரம் 11 விஞ்ஞானத்தில் பிள்ளைகள் படிக்கும் முழுவுட்தெறிப்புத்தான் இதற்கு அடிப்படை.

இந்தத் தந்திரத்தைப் பனாசோனிக் எடுத்து டீஸெட்1இல் பயன்படுத்தியது. வில்லைக் குழாயின் முன்பகுதி கொஞ்சம் வெளியே நீளும், உள்ளே ஒளி மடியும். இப்படியாக 35 முதல் 350 மி.மீ. வரையான ஸூம் கைக்குள் அடங்கியது.

ஒலிம்பஸும் அதே தந்திரத்தை எடுத்தது. ஆனால் நோக்கம் வேறு. வெளியே எதுவும் நீளாவிட்டால் வாயை நிரந்தரமாக மூடிவிடலாம். மியூ 770 எஸ்டபிள்யூவின் வில்லை மேல்மூலையில், அசையாத கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. ஸூம் மூன்று மடங்குதான், 38 முதல் 114 மி.மீ. வரை. பத்து மீற்றர் ஆழம், ஒன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழுதல், 100 கிலோ பாரம், பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகைக் குளிர் எல்லாவற்றையும் தாங்கும் என்று அந்த நிறுவனம் அறிவித்தது.

ஒரே அரியம். ஒருவர் அதைக் கொண்டு தூரத்தை இழுத்தார், மற்றவர் கதவை அடைத்தார். இதில் ஒரு சோகமும் உண்டு. கொனிகாவும் மினோல்டாவும் 2003இல் ஒன்றாகிவிட்டன. 'களத்து மேற்பார்வையாளரை'ப் பெற்றதும் மடித்த ஸூமைப் பெற்றதும் ஒரே வீடாயின. அந்த வீடு 2006 ஜனவரியில் கமராத் தொழிலையே விட்டு விலகுவதாக அறிவித்தது. டீஸெட்1 வெளியானதும் அதே வருடம்தான்.

எது எதில் வெல்லும்?

ஸூம் கமராவின் பலம் வெளிப்படை. கரையில் நின்று கடலில் உள்ள தோணியின் இலக்கத்தை வாசிக்கலாம். ஆனால் பத்து மடங்கு இழுக்கும்போது கை நடுக்கமும் பத்து மடங்காகிறது. அதனால்தான் டீஸெட்1இல் நடுக்கத்தைச் சமன்செய்யும் வில்லையும் வைத்தார்கள். அது இல்லாமல் கைக்கமராவில் இந்த ஸூம் பெயருக்கு மட்டுமே இருந்திருக்கும்.

அதன் பலவீனம் நமது காலநிலையில் தெரியும். குழாய் வெளியே நீளும் ஒவ்வொரு தடவையும் கமரா காற்றை உள்ளே இழுக்கிறது. கரையோரக் காற்றில் உப்பும் ஈரமும் மணலும் இருக்கும். பல கமராக்களின் வில்லைக்குள் சிலந்தி வலை போல் படரும் பூஞ்சணம் இப்படித்தான் வருகிறது. இன்னொன்று, நண்பகலில் சூடேறிய மணலுக்கு மேலால் தூரத்தை இழுத்தால் படம் நெளியும். அது கமராவின் குற்றமில்லை. நடுவிலுள்ள வெப்பக் காற்று ஒளியை முறிக்கிறது. காலையிலும் அஸருக்குப் பிறகும் எடுத்தால் குறையும்.

நீர்புகாக் கமராவின் பலத்தைப் பிள்ளைகளுக்குக் கணக்காகச் சொல்லலாம். பத்து மீற்றர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஏறத்தாழ ஒரு கிலோ பாரம் கூடுதலாக அழுத்தும். மியூ 770இன் முன்பக்கம் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் நீளம், 6 சென்ரிமீற்றர் அகலம். பெருக்கிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் ஐம்பது கிலோ அளவு, ஒரு மூட்டை அரிசி ஏறியிருப்பது போல. அந்தப் பாரத்துக்கு எதிராகத் தண்ணீரைத் தடுத்து வைத்திருப்பது பற்றரிக் கதவில் உள்ள மெல்லிய இறப்பர் வளையம். அதில் ஒரு தலைமயிர் சிக்கினாலும் கதை முடியும். அந்த வளையத்தை வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லித்தான் நிறுவனமும் கூறியது. கடலில் போட்டால் நல்ல தண்ணீரில் கழுவவும் வேண்டும். பதினைந்து வருடம் அலுமாரியில் கிடந்த கமராவை 'இது வோட்டர் புரூஃப்' என்று நம்பிக் கிணற்றில் இறக்கிவிடாதீர்கள். அதன் இறப்பர் இப்போது வாக்குறுதியை மறந்திருக்கும்.

அதன் பலவீனம், தூரம். தண்ணீருக்குள் பொருட்கள் மூன்றிலொரு பங்கு பெரிதாகத் தெரியும். 38 மி.மீ. வில்லை அங்கே 50 மி.மீ. போலாகிவிடும். சில மீற்றர் இறங்கியதும் சிவப்பு நிறம் மங்கும். கலங்கலும் இருக்கும். எனவே தண்ணீருக்குள் ஒரே சட்டம்: கிட்டப் போ. ஸூமால் அங்கே பலனில்லை.

கரைவலை இழுப்பதை நினைத்துப் பாருங்கள். ஸூம் கமராவுக்குத் தோணி வளைந்து போவதும், கயிற்றில் நிற்கும் ஆட்களின் வரிசையும், மேலே வட்டமிடும் பறவைகளும் கிடைக்கும். எவருக்கும் இடைஞ்சல் இல்லை. எவரும் கமராவுக்காக முகத்தை மாற்றவும் இல்லை. நீர்புகாக் கமரா இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். அதற்கு மடியில் துடிக்கும் மீனும், கயிறு அறுத்த கையும் கிடைக்கும். முதலாவது முழு வேலையையும் காட்டும். இரண்டாவது அந்த வேலையின் வலியைக் காட்டும். ஒரு சமூகத்தின் தொழிலை நாளைக்கு எழுதப்போகிறவனுக்கு இரண்டு சாட்சியும் தேவை. "எது நல்லம்" என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: நீ எங்கே நிற்கப் போகிறாய் என்று முதலில் முடிவெடு.

பிறகு கைத்தொலைபேசி வந்தது

ஜப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010இல் உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கமராக்கள் சுமார் 121 மில்லியன். 2023இல் சுமார் 7.7 மில்லியன். வில்லை பொருத்தப்பட்டே வரும் சின்னக் கமராக்களை மட்டும் எடுத்தால் வீழ்ச்சி இன்னும் பெரிது: சுமார் 108 மில்லியனிலிருந்து 1.7 மில்லியனுக்கு. ஒரு தொழில் 13 வருடங்களில் இப்படிச் சரிந்த உதாரணங்கள் குறைவு.

கைத்தொலைபேசி முதலில் சாதாரணக் கமராவை விழுங்கியது. பிறகு நீர் தாங்கும் தொலைபேசிகள் வந்தன. 2019இல் ஹுவாவி பி30 புரோ ஐந்து மடங்கு ஸூமுடன் வந்தது. எப்படி? அதே தந்திரம். உடம்புக்குள் ஒளியை 90 பாகை மடிப்பது. மினோல்டா போய்விட்டது, அதன் அரியம் நமது சட்டைப்பையில் இருக்கிறது. ஒலிம்பஸும் 2021இல் தன் கமராப் பகுதியை வேறு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டது. ஆனாலும் அதன் நீர்புகா வரிசையில் 2023இல் கூட ஒரு கமரா வந்தது. பனாசோனிக்கும் 2025இல் 30 மடங்கு ஸூமுடன் டீஸெட்99ஐ வெளியிட்டது. எண்ணிக்கை குறைந்தது, தேவை சாகவில்லை.

தொலைபேசி கொண்டுவந்த ஒரு மாற்றம் வரலாறு படிக்கிறவர்களுக்கு முக்கியம். 2023 மார்ச்சில் ஒருவர், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவின் படத்தைத் திரையில் வைத்து, சாம்சங் தொலைபேசி ஒன்றால் தூரத்திலிருந்து எடுத்தார். விளைந்த படத்தில் மூலத்தில் இல்லாத பள்ளங்களும் நுணுக்கங்களும் தெரிந்தன. நிலவை அடையாளம் கண்டு செயற்கை நுண்ணறிவு மூலம் தெளிவாக்குகிறோம் என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது.

பிறை விடயத்தில் எதை ஏற்பது என்பது உலமாக்களின் துறை. நான் அதற்குள் போகவில்லை. நான் சொல்வது படத்தின் நம்பகம் பற்றி. ஹதீஸ் கலையில் நாம் என்ன கேட்கிறோம்? செய்தி என்ன என்பதோடு, யார் யாரிடமிருந்து கேட்டார் என்றும் கேட்கிறோம். படத்துக்கும் ஒரு ஸனது உண்டு. பழைய ஸூம் கமராவில் அந்த வரிசை குறுகியது: பொருள், ஒளி, வில்லை, சென்சர். நிறத்தைக் கூர்மையாக்கும், இரைச்சலைத் துடைக்கும், ஆனால் வேறொரு நிலவைப் பார்த்த ஞாபகம் அதற்குக் கிடையாது. மங்கலாக வந்தால் மங்கலாகவே கொடுக்கும். அந்த மங்கல் ஒரு நேர்மை.

உங்களுக்கான வேலை

ஏறத்தாழ 2005 முதல் 2015 வரை, நமது கரையோர ஊர்களின் வாழ்க்கை இந்தச் சின்னக் கமராக்களில்தான் பதிவாகியிருக்கிறது. சுனாமியில் எத்தனையோ வீடுகளின் கலியாண அல்பங்கள் போய்விட்டன. அதற்குப் பிறகு கட்டிய வீடுகள், திறந்த பள்ளிவாசல்கள், பாடசாலை விளையாட்டுப் போட்டிகள், இன்று மௌத்தாகிவிட்ட பெரியவர்களின் முகங்கள் எல்லாம் அந்த மெமரி காட்களில் கிடக்கின்றன. ஃபிலிம் காலத்துப் படத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். தொலைபேசிக் காலத்துப் படம் எங்காவது இணையத்தில் நகல் வைத்திருக்கும். நடுவிலுள்ள இந்தப் பத்து வருடம்தான் ஆபத்தில் இருக்கிறது.

மியூ 770ஐயே பாருங்கள். பத்து மீற்றர் ஆழத்தைத் தாங்கிய கமரா அது. ஆனால் அதன் படங்கள் பதிவது எக்ஸ்டி என்ற காட்டில். ஒலிம்பஸும் ஃபியூஜிஃபில்மும் 2002இல் கொண்டுவந்து, 2010 அளவில் தாங்களே கைவிட்ட வகை. இன்று அதை வாசிக்கும் கருவி ஊர்க் கடைகளில் இலகுவில் கிடைக்காது. டீஸெட்1இல் இருப்பது எஸ்டி காட், அது இன்றும் எங்கும் வாசிக்கப்படும். தண்ணீரைத் தாங்கியதன் நினைவுதான் முதலில் பூட்டப்பட்டிருக்கிறது. எந்தக் காட்டும் நிரந்தரமில்லை. பல வருடம் தொடாமல் கிடந்தால் அதற்குள் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும்.

இந்தத் தவணை விடுமுறையில் இதைச் செய்யுங்கள்:

1. வீட்டிலுள்ள பழைய கமராக்களை எடுங்கள். பற்றரி வீங்கியிருந்தால் சார்ஜ் போட வேண்டாம், அப்புறப்படுத்துங்கள்.

2. காட்டை வெளியே எடுத்து, அல்லது கமராவின் வயரைக் கொண்டு, படங்களைக் கணினிக்கு மாற்றுங்கள். பிரதி எடுத்துத் திறந்து பார்க்கும் வரை காட்டில் எதையும் அழிக்க வேண்டாம். இரண்டு இடங்களில் வையுங்கள்.

3. படத்தில் உள்ள திகதியை அப்படியே நம்ப வேண்டாம். பற்றரி இறந்தால் பல கமராக்களின் மணிக்கூடு தயாரிப்பு வருடத்தின் ஜனவரி முதலாம் திகதிக்குப் போய்விடும். 01.01.2007 என்று காட்டும் பெருநாள் படம் 2011இல் எடுத்ததாக இருக்கலாம். படத்துக்குள் பாருங்கள்: எந்தக் கட்டடம் முடிந்திருக்கிறது, எந்தப் பிள்ளை எந்த உயரம்.

4. உம்மும்மா, மூத்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களை எழுதுங்கள். யார், எங்கே, யாருடைய மகன். பெயரில்லாத முகம் இன்னும் முப்பது வருடத்தில் யாருக்கும் உறவில்லை.

5. இது அமானிதம். பிறர் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் உள்ள படங்களைக் கேட்காமல் முகநூலில் போட வேண்டாம். சேமிப்பது ஒரு வேலை, பரப்புவது வேறு வேலை.

கமரா தேடும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வாங்க முன் வீட்டு அலுமாரியைப் பாருங்கள். ஸூம் கமரா அகப்பட்டால் காலையில் கரைக்குப் போங்கள். நீர்புகாக் கமரா அகப்பட்டால் மழையில் வயலுக்குப் போங்கள், ஆழத்துக்கு வேண்டாம். ஆனால் முதலில் அதற்குள் ஏற்கெனவே இருப்பதை வெளியே எடுங்கள். உங்கள் முதல் படத்தை எடுக்க, வாப்பா எடுத்த கடைசிப் படத்தை அழித்துவிட வேண்டாம்.

எக்ஸ்டி காட் வாசிக்கும் கருவி யாரிடமாவது இருந்தால் கீழே சொல்லுங்கள். ஒன்று இருந்தால் ஊருக்கே போதும்.

வஸ்ஸலாம்.